டார்க் ஸ்கை மூடியபோது அறுந்த வொர்க்ஃபுளோக்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

வானிலைச் செயலி நடத்திவந்த டார்க் ஸ்கை நிறுவனத்தை ஆப்பிள் வாங்கிய செய்தி 2020 மார்ச் 31 அன்று வெளியானது. அதன் ஆண்ட்ராய்டு செயலி அந்த ஆண்டிலேயே மூடப்படும் என்பதுதான் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது: ஏபிஐ-யில் (மற்ற நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் வழி) இனிப் புதியவர்கள் சேர முடியாது, ஏற்கெனவே கீ (அனுமதிக் குறியீடு) வைத்திருப்பவர்களுக்கு 2021 இறுதிவரை சேவை உண்டு. அந்தக் கெடு பிறகு 2022 இறுதிக்கும், கடைசியாக 2023 மார்ச் 31-க்கும் தள்ளிப்போனது. செயலியை இழந்தவர்கள் வேறொன்றை இறக்கிக்கொண்டார்கள். ஏபிஐ-யை நம்பித் தங்கள் கணினியில் எதையாவது கட்டி வைத்திருந்தவர்களுக்குத்தான் தலைவலி.

இந்த ஆய்வு அவர்களைப் பற்றியது. மேக்கில் ஆல்ஃபிரட், கீபோர்டு மேஸ்ட்ரோ. விண்டோஸில் ரெயின்மீட்டர், ஆட்டோஹாட்கி, பிறகு பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப். இப்படி ஒரு தானியங்கிக் கருவியோடு வானிலையை இணைத்து, தானாக ஓடும் வேலைத் தொடர்களை, அதாவது வொர்க்ஃபுளோக்களை, கட்டியவர்கள். சிலருக்கு ஒரு விசையைத் தட்டினால் அடுத்த ஒரு மணி நேர மழை தெரிய வேண்டும். சிலருக்கு நாள்குறிப்பின் தலைப்பில் வெப்பநிலை தானாக ஏற வேண்டும். வெளிப்புறப் படப்பிடிப்பு வைத்திருப்பவருக்கு முந்தைய இரவே குழுவுக்கான மின்னஞ்சல் வரைவு தயாராக வேண்டும். எல்லாம் சின்ன வேலைகள். ஆனால் ஒருமுறை பழகிவிட்டால், நின்றுபோகும் வரை அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதே நினைவில் இருக்காது.

டார்க் ஸ்கையை ஏன் இத்தனை பேர் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்குக் காரணம் அதன் வடிவம். 2011-இல் கிக்ஸ்டார்ட்டரில் திரட்டிய பணத்தில் தொடங்கிய நிறுவனம் அது. ஏபிஐ 2013-இல் ஃபோர்காஸ்ட்.ஐஓ என்ற பெயரில் வந்து, 2016-இல் டார்க் ஸ்கை ஏபிஐ ஆனது. ஒரே ஒரு முகவரி. அதில் உங்கள் கீ, அட்சரேகை, தீர்க்கரேகை. அவ்வளவுதான். திரும்பி வரும் ஜேசனில் (நிரல்கள் படிக்கும் எழுத்துவடிவத் தரவு) இப்போதைய நிலை, நிமிட வாரியாக ஒரு மணி நேரம், மணி வாரியாக இரண்டு நாள், நாள் வாரியாக ஒரு வாரம் என்று எல்லாம் ஒரே கட்டில் இருக்கும். ஐகான் என்ற புலத்தில் 'மழை', 'பனிமூட்டம்', 'தெளிந்த இரவு' என்பது போலப் பத்துச் சொற்களில் ஒன்று. அந்தப் பத்துக்கும் படம் வைத்துவிட்டால் திரையில் காட்ட வேண்டியது முடிந்தது. நாளுக்கு 1,000 அழைப்புகள் இலவசம். ஒரு தனி ஆள் எவ்வளவு தட்டினாலும் அதைத் தாண்டுவது கடினம்.

கடினம் என்றேன், முடியாது என்று சொல்லவில்லை. ஆல்ஃபிரடின் ஸ்கிரிப்ட் ஃபில்டர், அதாவது தட்டியதை ஒரு சிறு நிரலுக்கு அனுப்பி விடையைக் காட்டும் பகுதி, நீங்கள் தட்டத் தட்ட ஓடக்கூடியது. சென்னை என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஏழு எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைக் கேட்கும்படி எழுதப்பட்ட வொர்க்ஃபுளோ, ஒரு கேள்விக்கு ஏழு அழைப்பைச் செலவழிக்கும். அதில் ஆறு, பாதிப் பெயருக்கானவை. தட்டி முடிக்கும்வரை காத்திருக்கும் அமைப்பு ஆல்ஃபிரடிலேயே இருக்கிறது. இருந்தும் இந்த ஓட்டை இன்றைக்கும் புதிதாக எழுதுபவர்களிடம் தென்படுகிறது.

இனி அறுந்த வரலாறு. டார்க் ஸ்கை முதல் சாவு அல்ல. கூகுளின் முகப்புப் பக்கத்துக்காக இருந்த, ஆவணப்படுத்தப்படாத வானிலை முகவரி ஒன்றை ஊரே பயன்படுத்திக்கொண்டிருந்தது. 2012 ஆகஸ்டில் அது சத்தமில்லாமல் நின்றது. அங்கிருந்து பலர் யாஹூவுக்குப் போனார்கள். யாஹூவின் பழைய வானிலை ஊட்டம் 2016-இல் மாறியது. அதைத் தாங்கி நின்ற ஒய்க்யூஎல் என்ற யாஹூ தரவுச் சேவை 2019 ஜனவரி 3-இல் ஓய்ந்தது. ரெயின்மீட்டரில் அழகழகான வானிலை ஸ்கின்கள் (திரையில் ஒட்டிவைக்கும் காட்சிகள்) கூட்டம் கூட்டமாகக் காலியானது இந்த மாற்றங்களில்தான். வெதர் அண்டர்கிரவுண்ட் 1995-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்தது. 2012-இல் வெதர் சேனலிடம் போய், பிறகு ஐபிஎம் கைக்கு வந்தது. தனிநபர்களுக்கான அதன் இலவச ஏபிஐ 2018-ஓடு முடிக்கப்பட்டது.

ஆல்ஃபிரடுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய வானிலை வொர்க்ஃபுளோக்களில் சில, ஒரு மூலம் போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று வெதர் அண்டர்கிரவுண்டையும் டார்க் ஸ்கையையும் சேர்த்தே வைத்திருந்தன. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஐந்து ஆண்டுக்குள் இரண்டுமே போய்விட்டன. நடுவில் இன்னொரு அடி, வானிலைப் பக்கமிருந்து அல்ல, கணினிப் பக்கமிருந்து: 2022 மார்ச்சில் வந்த மேக்ஓஎஸ் 12.3, அமைப்போடு கூடவே வந்துகொண்டிருந்த பைத்தான் 2-ஐ நீக்கிவிட்டது. பழைய ஆல்ஃபிரட் வொர்க்ஃபுளோக்களில் கணிசமானவை பைத்தான் 2-இல் எழுதப்பட்டவை. அப்டேட் போட்ட மறுநாள், வானிலை சர்வர் நன்றாக இருந்தும் திரையில் ஒன்றும் வராது. இது எந்தப் பக்கத்துக் கோளாறு என்று தெரியாமல் கீயை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

மொத்தத்தில் பார்த்தால் அறுந்த இடம் எல்லாவற்றிலும் ஒன்றே. யாரோ ஒரு சேவையாளர் தந்த ஜேசனின் வடிவத்தை, திரையில் காட்டும் ஸ்கிரிப்டும், எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்டும், நாள்குறிப்பில் எழுதும் ஸ்கிரிப்டும் தனித்தனியாக நேரடியாகத் தொட்டன. சேவையாளர் மாறினால் மூன்றும் சாகும். அலகு மாறினால் மூன்றும் பொய் சொல்லும்; அது சாவதைவிட மோசம்.

மூடலுக்குப் பிறகு ஆட்கள் போன வழிகள் முக்கியமாக மூன்று. ஆப்பிளே 2022 ஜூனில் வெதர்கிட்டை அறிவித்தது. ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் டெவலப்பர் உறுப்பினர்களுக்கு மாதம் 5 லட்சம் அழைப்பு அதில் அடக்கம். அளவு தாராளம், வாசல் குறுகல். பழையபடி முகவரியில் கீயை ஒட்டிவிட்டு அழைக்க முடியாது. உங்கள் தனிச்சாவியால் கையொப்பமிட்ட டோக்கனை (தற்காலிக அனுமதிச் சீட்டு) உருவாக்கி ஒவ்வொரு அழைப்போடும் அனுப்ப வேண்டும். அந்த டோக்கனுக்கும் காலாவதி உண்டு. செயலி கட்டுபவருக்கு இது பெரிய வேலையில்லை. நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருந்தவருக்கு, அந்த நாலு வரி நாற்பதாகும்.

இரண்டாவது, பைரேட் வெதர் என்ற திறமூலத் திட்டம். இதன் சாமர்த்தியம் வானிலையில் இல்லை, வடிவத்தில். முக்கியமாக, அமெரிக்க அரசின் வானிலை அமைப்பான நோவாவின் கணிப்பு மாதிரிகளை (வானிலையை முன்கூட்டிக் கணக்கிடும் நிரல்கள்) எடுத்து, டார்க் ஸ்கை தந்த அதே ஜேசன் வடிவில் தருகிறது. சர்வர் பெயரையும் கீயையும் மாற்றினால் போதும், பழைய ஸ்கிரிப்ட் ஓடும். முகவரியை ஒரே இடத்தில் மாறியாக வைத்திருந்தவர்கள் அரை நிமிடத்தில் இடம் மாறினார்கள். ஆனால் வடிவம் ஒன்றாக இருப்பதால் உள்ளடக்கமும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவுக்கு 3 கிலோமீட்டர் நுணுக்கத்தில் மணிக்கொரு முறை ஓடும் மாதிரி உண்டு. நம் பக்கத்துக்கு அது எட்டாது. பெரும்பாலும் உலகளாவிய ஜிஎஃப்எஸ் மாதிரிதான். அது நாளுக்கு நான்கு முறை ஓடுவது, கட்டத்தின் அளவு கால் டிகிரி, கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். மீனம்பாக்கமும் மெரினாவும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒரே ஊர்.

மூன்றாவது ஓப்பன்-மீட்டியோ. வணிகமல்லாத பயனுக்கு நாளுக்கு 10,000 அழைப்புவரை இலவசம், கீயே வேண்டாம். ஐரோப்பிய, ஜெர்மன், அமெரிக்க வானிலை மையங்களின் திறந்த தரவைக் கட்டி, வேண்டிய புலங்களை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கும்படி வைத்திருக்கிறது. தனிநபரின் டெஸ்க்டாப் வேலைக்கு இன்று நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். ஆனால் டார்க் ஸ்கையிலிருந்து இதற்கு மாறியவர்களுக்கு மூன்று பள்ளங்கள் காத்திருந்தன.

மழை வாய்ப்பு முதலாவது. டார்க் ஸ்கை அதை 0-இலிருந்து 1-க்குள் தரும். ஓப்பன்-மீட்டியோ 0-இலிருந்து 100-க்குள். "0.3-க்கு மேல் போனால் குடை எடுக்கச் சொல்" என்று எழுதியிருந்த நிபந்தனையை அப்படியே விட்டால், வாய்ப்பு வெறும் 1 சதவீதமாக இருக்கும் நாளிலும் குடை எடுக்கச் சொல்லும். ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாது. பயனர் இரண்டு வாரத்தில் சலித்துப்போய் அறிவிப்பை அணைத்துவிடுவார். உண்மையில் கொட்டும் நாளில் அறிவிப்பு இருக்காது.

நேரம் அடுத்தது. டார்க் ஸ்கை யூனிக்ஸ் நொடியில் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகள்) தரும், அதில் குழப்பமில்லை. ஓப்பன்-மீட்டியோவில் நேர மண்டலத்தைக் கேட்காமல் விட்டால் கிரீன்விச் நேரம், அதுவும் மண்டலக் குறி இல்லாத எழுத்துவடிவில். அதை உள்ளூர் நேரம் என்று படித்துவிட்டால் இந்தியாவில் எல்லாத் தகவலும் ஐந்தரை மணி நேரம் பழையதாகத் தெரியும். தரவு பழசா என்று சோதிக்கும் நல்ல பழக்கம் உள்ளவருக்கே இந்த அடி அதிகம்: அவருடைய ஸ்கிரிப்ட் வந்ததை எல்லாம் பழசு என்று ஒதுக்கிவிடும்.

மூன்றாவது, அலகு. இந்தப் பிரச்சினை டார்க் ஸ்கையிலேயே இருந்ததுதான். அலகு எதுவும் கேட்காவிட்டால் அமெரிக்க அலகு: ஃபாரன்ஹீட்டில் வெப்பம், அங்குலத்தில் மழை. 'தானாகத் தேர்வு' என்று வைத்தால், கேட்கும் இடத்தைப் பொறுத்து மாறும். மடிக்கணினியோடு அமெரிக்கா போய் இறங்கியவரின் "35-க்கு மேல் போனால் வெயில் எச்சரிக்கை" என்ற விதி, நடுங்கும் குளிரிலும் வெயில் என்று கத்தும். ஏனென்றால் 40 ஃபாரன்ஹீட்டும் 35-க்கு மேல்தானே. அலகைத் தானாக விடுவது கண்ணால் படிப்பதற்குச் சரி, நிபந்தனைக்கு ஆகாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. கணினிக்கு வருவது உண்மையில் இந்த நிமிடத்து வானிலைதானா? டார்க் ஸ்கையின் புகழே நிமிட வாரி மழைக் கணிப்புதான், அது ரேடார் படங்களிலிருந்து வந்தது. அந்த வசதி அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில இடங்களுக்கு மட்டும். சென்னையின் அட்சரேகையைக் கொடுத்தால் அந்தப் பகுதியே ஜேசனில் வராது. வெளிநாட்டில் எழுதப்பட்ட வொர்க்ஃபுளோவை அப்படியே இறக்கிய நம்மூர்க்காரருக்கு, இல்லாத பகுதியைத் தேடி ஸ்கிரிப்ட் விழுந்ததற்குக் காரணம் இது. ஓப்பன்-மீட்டியோவின் 'இப்போதைய' மதிப்பும் அளந்த மதிப்பு அல்ல, மாதிரி கணித்தது. கால் மணிக்கொருமுறை மாறுவது போலத் தெரிந்தாலும், ஐரோப்பாவின் நடுப்பகுதிக்கும் வட அமெரிக்காவுக்கும் வெளியே அது மணிக்கணக்கு மதிப்புகளுக்கு இடையே நிரப்பப்பட்டதுதான்.

அளந்த மதிப்பே வேண்டுமென்றால் விமான நிலையங்களின் மெட்டார் அறிக்கை இருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தின் குறி விஓஎம்எம். அரைமணிக்கொரு முறை வரும், அமெரிக்க அரசின் விமான வானிலைத் தளத்திலிருந்து கீ இல்லாமல் ஜேசனாகவே எடுக்கலாம். அதில் நேரம் 041130 என்று இருந்தால் 4-ஆம் தேதி, உலகப் பொது நேரம் 11:30, நமக்கு மாலை 5 மணி. காற்று, பார்வைத் தூரம், மேக உயரம், வெப்பம், பனிநிலை, அழுத்தம் எல்லாம் ஒரே வரியில். ஆனால் அளந்தது ஓடுபாதைக்கு அருகில். வடகிழக்குப் பருவமழையில் அம்பத்தூரில் கொட்டி மீனம்பாக்கம் காய்ந்து கிடப்பது புதிதல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் ஏபிஐ தருகிறது. ஆனால் உங்கள் ஐபி முகவரியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நிலையான ஐபி உள்ள சர்வருக்கு அது சரிப்படும். வீட்டு பிராட்பேண்டில் முகவரி மாறிக்கொண்டே இருக்கும் மடிக்கணினிக்குச் சரிப்படாது.

எனவே எந்த வேலைக்கு எந்தத் தரவு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நாள்குறிப்பின் தலைப்புக்கு மாதிரி மதிப்பு தாராளமாகப் போதும். நாளை மாலைக்கான மின்னஞ்சல் வரைவுக்கும் போதும். "அடுத்த பத்து நிமிடத்தில் மாடியில் காயும் துணியை எடு" என்ற அறிவிப்பை இங்கே இந்த மூலங்களை வைத்துக் கட்டாமல் இருப்பதே நல்லது.

மீண்டும் கட்டியவர்களில் தாக்குப்பிடித்த அமைப்பு இப்படி இருக்கிறது. தரவு எடுப்பவன் வேறு, பயன்படுத்துபவன் வேறு. எடுக்கும் ஸ்கிரிப்ட் கடிகாரத்தின்படி ஓடி, கணினியிலேயே ஒரு சிறு கோப்பில் எழுதிவிட்டுப் போய்விடும். ஆல்ஃபிரடோ, ஷார்ட்கட்ஸோ, பவர் ஆட்டோமேட்டோ அந்தக் கோப்பை மட்டும் படிக்கும், இணையத்தைத் தொடாது. கோப்பில் இருப்பவை நம்முடைய பெயர்கள், நம்முடைய அலகுகள்: எந்த இடம், அளந்த அல்லது கணித்த நேரம், நாம் எடுத்த நேரம், செல்சியஸில் வெப்பம், மில்லிமீட்டரில் மழை, சதவீதத்தில் வாய்ப்பு, நிலையைக் குறிக்க நாமே வைத்த ஏழெட்டுச் சொற்களில் ஒன்று, அது அளந்ததா கணித்ததா, யாரிடமிருந்து வந்தது. ஓப்பன்-மீட்டியோ நிலையை உலக வானிலை அமைப்பின் எண்களில் தருகிறது: 0 தெளிவு, 45 மூடுபனி, 61 லேசான மழை, 95 இடிமழை. அந்த எண்கள் எடுக்கும் ஸ்கிரிப்டோடு நிற்க வேண்டும், கோப்புக்குள் வரக் கூடாது. நாளை சேவையாளர் மாறினால் மாற்ற வேண்டியது அந்த ஒரு ஸ்கிரிப்ட். விசையைத் தட்டியதும் பதில் உடனே வருவது உபரி லாபம். ஏழு எழுத்துக்கு ஏழு அழைப்பு என்ற கதையும் தீர்ந்தது.

நேரம் இரண்டு வைப்பதை வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. ஐந்து நிமிடம் முன்னால் எடுத்த கோப்பில் மூன்று மணி நேரப் பழைய மெட்டார் இருக்கலாம். எடுத்த நேரத்தை மட்டும் பார்த்தால் புத்தம் புதிது போலத் தெரியும். வயதைக் கணக்கிட வேண்டியது அளந்த நேரத்திலிருந்து. எடுத்த நேரம், நம் பக்கத்து ஸ்கிரிப்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும்.

சர்வரில் இல்லாத தொல்லை மடிக்கணினியில் ஒன்று உண்டு, அது தூங்கும். மேக்கில் வேலைகளை நேரப்படி ஓட்டும் லாஞ்ச்டி-யிடம் குறித்த நேரத்தில் ஓடச் சொல்லிவிட்டு மூடியை மூடினால், திறந்ததும் தவறிய வேலையை ஒருமுறை ஓட்டிவிடும்; அதே வேலைக்கான பழைய கிரான் அப்படிச் செய்யாது. ஆனால் திறந்த அந்தக் கணத்தில் வைஃபை இன்னும் இணைந்திருக்காது. அழைப்பு தோற்கும், தோற்ற அழைப்பின் வெற்று விடை நல்ல கோப்பின் மேல் எழுதப்படும். அதனால் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, ஜேசன் முழுமையாக இருக்கிறதா, வேண்டிய புலங்கள் உள்ளனவா என்று பார்த்து, பிறகே பெயர் மாற்ற வேண்டும். இணையத்திலிருந்து தரவை எடுக்கும் கர்ல் கட்டளைக்கும் பிழை வந்தால் தோல்வியாக எடுத்துக்கொள் என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 403 என்று சொல்லும் பிழைப் பக்கத்தையும் வானிலை என்று சேமித்துவைக்கும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில், தவறிய வேலையைக் கூடிய சீக்கிரம் ஓட்டு, நெட்வொர்க் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற இரண்டு தெரிவுகளையும் குறியிட்டால் இதில் பெரும்பகுதி தீரும். பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பில் வலைச்சேவையை அழைக்கவும் ஜேசனைப் பிரிக்கவும் தயார் செயல்கள் இருக்கின்றன. எடுக்கும் பகுதியை அதிலேயே தனி ஃபுளோவாக வைத்துக்கொள்ளலாம்.

மதிப்பே இல்லாமல் வரும் பதில் இன்னொரு வகை. அமெரிக்க வானிலைச் சேவையின் ஏபிஐ-யில் நிலைய அளவீட்டைக் கேட்டால், வெப்பநிலை வெறுமையாக வருவது சகஜம். கருவியிடமிருந்து மதிப்பு வந்திருக்காது. பல ஸ்கிரிப்ட் மொழிகளில் வெறுமை கணக்குக்குள் போனதும் 0 ஆகிவிடும். மியாமியில் 0 டிகிரி என்று திரை சொல்வதைப் பார்த்துச் சிரித்துவிடலாம். உறைபனி வந்தால் செடிகளை மூடச் சொல்லும் வொர்க்ஃபுளோ அதை நம்பினால் சிரிப்பு வராது. ஆகவே கோப்பைப் படிக்கும் ஒவ்வொன்றும் மூன்று விடைகளை அறிந்திருக்க வேண்டும்: ஆம், இல்லை, தெரியவில்லை. தரவு பழசானாலோ, வெறுமையானாலோ, கோப்பே இல்லாவிட்டாலோ விடை தெரியவில்லை என்பதுதான். திரையில் கேள்விக்குறி காட்டட்டும். மின்னஞ்சல் வரைவை நிறுத்தி வைக்கட்டும். பழைய மதிப்பைக் காட்டியே தீர வேண்டுமென்றால் பக்கத்தில் அதன் வயதையும் காட்டட்டும்.

கீ உள்ள சேவையென்றால் இன்னும் ஒன்று. வொர்க்ஃபுளோவை நண்பருக்கு ஏற்றுமதி செய்து கொடுக்கும்போது கீயும் கூடவே போய்விடும். ஆல்ஃபிரட் மாறிகளில் ஏற்றுமதி செய்யாதே என்ற குறி இருக்கிறது. மேக்கின் கடவுச்சொல் பெட்டகமான கீசெயினில் வைத்து ஸ்கிரிப்ட் கேட்டு வாங்குவது அதைவிடப் பாதுகாப்பு. எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றே ஒன்று என்பதால் கீயும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

கட்டி முடித்த பிறகு சோதனை. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் வானிலை சர்வரின் பெயரை 127.0.0.1-க்கு, அதாவது உங்கள் கணினிக்கே, திருப்பிவிட்டு அரை நாள் அப்படியே விடுங்கள். மெனு பாரில் கேள்விக்குறி எப்போது வருகிறது, எச்சரிக்கைகள் அடங்குகின்றனவா, அல்லது காலை மதிப்பையே மாலையிலும் சொல்லிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கோப்பில் வெப்பநிலையைக் கையால் அழித்துவிட்டு மறுபடி ஒருமுறை. இரண்டிலும் தெரியவில்லை என்று சொல்லும் வொர்க்ஃபுளோவை, ஓப்பன்-மீட்டியோ நாளை என்ன முடிவெடுத்தாலும், ஒரே ஒரு ஸ்கிரிப்டைத் திருத்தி ஓட்டிவிடலாம்.